அசையாத எண்

பிப்ரவரி 9

தம்பி ஸ்பானருக்கு,

நான் சுகம்தான், வயிறு மட்டும் சுகமில்லை. அதற்கு எங்கள் கேன்டீன்தான் பொறுப்பு. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா, இல்லை இன்னும் நாலு படிக்கு ஒரு தரம் நின்று உலகத்தைத் திட்டிவிட்டுத்தான் ஏறுகிறாளா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். வீட்டில் பேசினால் பக்கத்தில் எப்போதும் ஆள் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பதிலை அலுவலக முகவரிக்கே போடு.

முதலில் தட்டு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. கேன்டீனில் போன வருஷம் பெரிய தட்டுகள் வாங்கினார்கள். கழுவுகிற தொட்டி மட்டும் பழைய சின்னத் தொட்டி. தட்டு அதில் பாதிதான் முங்கும். முங்கின பாதி பளிச்சென்று இருக்கிறது. மேல்பாதியில் முன்னால் சாப்பிட்டவரின் எண்ணெய்க் கோடு, பல் பட்ட பருக்கை, எல்லாம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. பொறுப்பாளரிடம் சொன்னேன். "கீழ்ப்பாதியில வச்சுச் சாப்பிடுங்கம்மா" என்றார்.

வேலை என்னவென்று கேட்டாயே. நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பழுது பார்க்கிறாய் அல்லவா, அதே டயாலிசிஸ் மெஷினுக்குள் ஓடும் நிரலைத்தான் நான் பார்க்கிறேன். போன வருஷ மாடலில் புதுப் புராசஸர் வைத்து, பழைய அசெம்பிளி நிரலைத் தூக்கி அப்படியே அதில் குடி வைத்திருக்கிறார்கள். அசெம்பிளி என்றால் புராசஸரிடம் தரகர் இல்லாமல் நேராகப் பேசுகிற பாஷை. இந்த எண்ணை எடு, அங்கே வை, கூட்டு, அவ்வளவுதான் பேச்சு. எடுத்த எண்ணைப் பிடித்துக்கொள்ள அதற்குச் சில கைகள் உண்டு, ரெஜிஸ்டர் என்று பெயர். பழைய கைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. பிற்பாடு முளைத்தவற்றுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று பதினைந்து வரை வெறும் எண்தான். இவை போக, ஒரே பிடியில் பல எண்களை ஏந்துகிற அகலக் கைகளும் உண்டு. பழைய புராசஸரில் அவை நான்கு எண் ஏந்தின, புதியதில் இரண்டு மடங்கு ஏந்துகின்றன.

அடுத்த மாடல் வருமுன் இதையெல்லாம் மூலை மூலையாகப் பார்த்துச் சொல்வது என் வேலை. யாரோ காலி செய்த வீட்டைப் பெருக்குகிற மாதிரி இருக்கிறது. பெருக்கப் பெருக்கத் தலைமுடியும் நகமுமாக வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்பானர் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்கால் அப்படியேதான், திட்டும் அப்படியேதான். அத்தான் நலமா? இன்னும் எட்டாம் நம்பர் பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாரா? உன் கல்யாண ஃபோட்டோவில் எட்டுப் பேர் நிற்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கைகழுவப் போன என்னை ஈரக்கையோடு இழுத்து ஒன்பதாவது ஆளாக நிறுத்தினாரே, அந்தப் படத்தில் நான் இன்னும் திருடன் மாதிரியே முழிக்கிறேன்.

நீ தட்டு கதை சொன்னாய், நான் ஒன்று சொல்கிறேன். சாப்பிடும்போது படிக்காதே.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாலாம் மெஷினில் ஒரு தையல்காரர் படுத்திருந்தார். சிறுநீரகம் போனவர். வாரத்துக்கு மூன்று நாள் மெஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். அன்றைக்குக் கையிலிருந்த ஊசி கழன்றுவிட்டது. திரும்பிப் போக வேண்டிய ரத்தம் படுக்கைக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, மேலே போர்வை. ஊசி கழன்றால் டியூபில் அழுத்தம் விழும், ஸ்கிரீனில் எண் இறங்கும், அலாரம் அலறும், பம்பு நிற்கும். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் போர்வையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் தீவிர சிகிச்சையில் கிடக்கிறார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே ரத்தம் உறைந்து ஸ்குரூவோடு ஒட்டிக்கிடக்கிறது. சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். கையேட்டில் சொன்னபடி சிரிஞ்ச் மாட்டி அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், அலாரம் ஒழுங்காக அலறியது. பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அலாரத்தை அமுக்கிவிட்டு மறந்திருப்பார் என்று பேச்சு. விசாரணையில் குற்றம் என்று ஆகிவிட்டால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்காதாம். பாவம்தான், ஆனால் மெஷின் பொய் சொல்லாதே அக்கா.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஸ்பானர்

*

மார்ச் 11

ஸ்பானருக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போதுதான் படித்தேன். எனக்கு வேண்டியதுதான். நான் இருக்கிறேன். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் போடுகிறாயா?

மெஷின் பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறாய். இங்கே வந்து என் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.

புராசஸர் ஒன்றுதான், வேலைகள் பல. கொஞ்சம் பம்பைப் பார்க்கும், அதை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கணக்கிடும், பிறகு ஸ்கிரீன், மறுபடி பம்பு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, கையில் பிடித்திருந்த எண்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அவற்றையே கையில் கொடுக்க வேண்டும். அதைச் செய்கிற அசெம்பிளி வரிகளை நேற்றுப் பார்த்தேன். அகல ரெஜிஸ்டர் இரண்டு மடங்கு ஆன சேதி அதற்கு எட்டவேயில்லை. பழையபடி நான்கு எண்ணை மட்டும் எடுத்து வைக்கிறது. மேல்பாதி அப்படியே கிடக்கிறது. நடுவில் வந்த பம்பு தன் எண்களை அதில் வைத்துவிட்டுப் போகிறது. அழுத்தக் கணக்கு திரும்பி வந்து அந்த எச்சிலையும் சேர்த்துக் கூட்டுகிறது.

சின்னத் தொட்டி, பெரிய தட்டு. மத்தியானம் பார்க்கிற அதே அசிங்கத்தைச் சாயங்காலமும் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

இப்போது கேள்வி. நாலாம் மெஷினில் இருப்பது பழைய புராசஸர் போர்டா, போன வருஷத்து போர்டா? போன வருஷத்து போர்டு என்றால், இப்படி எச்சில் கலந்த கணக்கில் எண் அடிக்கடி தாறுமாறாகக் குதிக்க வேண்டும், அலாரம் காரணமில்லாமல் கத்த வேண்டும். எந்த ஆஸ்பத்திரியிலாவது அப்படிப் புகார் வந்திருக்கிறதா? அந்த நர்ஸ் ஸ்கிரீனில் என்ன பார்த்தார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா, இல்லை நீங்களே பேசி முடித்துவிட்டீர்களா?

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. ஒத்தடம் போடுகிறேன், "உங்க அக்கா கை மாதிரி வருமா" என்று எனக்குத் திட்டு. அத்தான் நலமா? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை, அம்மா இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நாலாம் மெஷின் போன வருஷத்து போர்டுதான். புகார் எதுவும் கிடையாது, தலைகீழாகத்தான் இருக்கிறது. பழைய மெஷின்கள் நோயாளி தும்மினால் கூடக் கத்தும், இது கத்தவே கத்தாது. வீண் அலாரம் இல்லாத மெஷின் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, கூப்பிடுகிற ஆள் குறைந்ததே என்று.

நர்ஸைப் போய்ப் பார்த்தேன். தன் பெட்டியைக் காலி செய்ய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு, அவ்வளவையும் பையில் போட்டுக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பழுதில்லை என்று எழுதியவன் நான்தான் என்று தெரிந்திருக்கும்.

"நான் அலாரத்தத் தொடவே இல்ல. நம்பர் நூத்தி இருபது. அஞ்சு நிமிஷமா நூத்தி இருபது. கொஞ்சம் கூட அசையல. அவர் இருமுறாரு, கைய நீட்டுறாரு, அப்பவும் அசையல. அதான் சந்தேகப்பட்டுப் போர்வையத் தூக்கினேன். இதச் சொன்னா, அஞ்சு நிமிஷம் வேடிக்க பாத்தியான்னு கேக்குறாங்க."

அக்கா, எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. எண் குதிக்க வேண்டும் என்கிறாய் நீ. அது அசையவே இல்லை என்கிறார் இவர். எதை நம்புவது? நீ அத்தானிடம் சொன்னால் என்ன? உங்கள் பிரிவுக்கே அவர்தானே தலைவர். ஒரு வார்த்தை சொன்னால் சரிசெய்துவிட மாட்டாரா?

ஸ்பானர்

*

ஏப்ரல் 21

ஸ்பானருக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. காய்ச்சல் எதுவும் இல்லை, அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

இரண்டும் உண்மை. எண் குதிக்கத்தான் குதித்தது, அசையாமலும் இருந்தது. எப்படியென்று கண்டுபிடித்துவிட்டேன்.

போன வருஷமே யாரோ ஒருவர் எண் குதிப்பதைப் பார்த்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கை வைத்திருக்கிறார். எடுத்து வைக்கிற வரிகளைத் திருத்தினால் மெஷினுக்கு மறுபடி முழுச் சோதனை, மறுபடி அனுமதி. அதுவரை விற்பனை நிற்கும். அதனால் அதைத் திருத்தவில்லை. அதன் மேலே ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார். புதிதாக வந்த எண் முந்தைய எண்ணிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் அதைத் தூக்கி எறி, முந்தையதையே காட்டு. அவ்வளவுதான் ஒட்டு.

புரிகிறதா? எச்சில் எண் வந்தால் எறியும். ஊசி கழன்று அழுத்தம் நிஜமாகவே விழுந்தாலும் எறியும். அடுத்ததையும் எறியும். எறிந்துகொண்டே இருக்கும். ஸ்கிரீனில் நூற்றிருபது நிற்கும், கீழே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். நீ சிரிஞ்சால் மெல்ல மெல்லக் குறைத்தாய், மெல்லக் குறைந்தால் ஒட்டு விட்டுவிடும். அதனால்தான் உன் சோதனையில் அலாரம் அலறியது. ஆள் இல்லாத மெஷினில் உப்புத் தண்ணீர் ஓடவிட்டு, டியூபை ஒரே இழுப்பாக இழுத்துக் கழற்றிப் பார்.

எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. பழைய பதிவுகளை அழித்துவிட்டுத்தான் நிரலை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கைதான், சுத்தமான எழுத்து. ஒன்று மட்டும் வினோதம். தேவையானபோதெல்லாம் ஒன்பதாம் ரெஜிஸ்டரை எடுக்கிறார், பத்து, பதினொன்று, பன்னிரண்டு எடுக்கிறார். போதாமல் போனால் நினைவகத்தில் கொண்டு வைத்துத் திரும்ப எடுக்கிறார், அத்தனை சிரமப்படுகிறார். எட்டாம் ரெஜிஸ்டர் சும்மாவே கிடக்கிறது. ஒரு வரியில் கூட அதைத் தொடவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பச்சை டப்பா தைலம் வாங்கிக் கொடு.

அக்கா

*

மே 18

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதும் மடல். எங்கள் இல்லத்தில் அனைவரும் பரிபூரண நலம். நீயும் அத்தையும் எல்லா நலமும் வளமும் பெற்றுச் சிறக்க வாழ்த்துகிறேன். அத்தையின் முழங்காலுக்கு நம் ஊரிலேயே பெரிய மருத்துவரிடம் ஏற்பாடு செய்கிறேன், கவலை வேண்டாம். நேற்றே எழுத உட்கார்ந்தேன், பதினேழாம் தேதி கூட்டினால் சரிவரவில்லை, ஆகவே இன்று.

உன் அக்காவுக்கு நீ அனுப்பிய கடிதம் ஒன்று தவறுதலாக என் மேஜைக்கு வந்துவிட்டது. பிரிக்கவில்லை, பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கு என்றும் கிடையாது. அவளிடம் சேர்ப்பித்துவிடுவேன்.

அவளுக்குச் சில மாதங்களாக உடல்நிலை சரியில்லை. வேலை அதிகம். இல்லாததையெல்லாம் இருப்பதாக நினைக்கிறாள். பெண்கள் மனம் இளகியது, நீ அதற்குத் தூபம் போடாதே. பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். டியூபைத் திடீரென இழுத்துப் பார்ப்பது போன்ற சோதனைகள் கையேட்டில் இல்லாதவை. அவற்றைச் செய்பவர்களின் வேலைக்கு நாளை யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நல்ல சேதியும் உண்டு. உங்கள் சர்வீஸ் ஏஜென்சிக்குத் தலைமைப் பொறுப்பாளர் தேவைப்படுகிறார். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். குடும்பம் என்றால் ஒருவர் குறையை ஒருவர் மூடிப் போவதுதானே. எல்லாம் நன்மைக்கே.

உன் நலம் நாடும்,
அத்தான்

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் பழுதான போர்டு அனுப்புகிற பெட்டிக்குள் வருகிறது. பெட்டியை உன் பிரிவில் உன்னைத் தவிர யாரும் திறக்கமாட்டார்கள் என்று ஒருமுறை சொன்னாய். போர்டு நல்ல போர்டுதான், பதறாதே. மே மாதம் நான் எழுதிய கடிதம் உன் கைக்கு வந்திருக்காது. அது வேறு மேஜைக்குப் போயிருக்கிறது. பிரிக்காத அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருந்ததை வரி பிசகாமல் சொல்லி எனக்கு ஒரு மடல் வந்திருக்கிறது. அதையும் இத்துடன் வைக்கிறேன். தொட்டால் கையில் பிசுக்கென்று ஒட்டுகிறது.

நீ சொன்னபடி செய்தேன். நாலாம் மெஷினில் உப்புத் தண்ணீர் ஓடவிட்டு டியூபை ஒரே இழுப்பாக இழுத்தேன். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. ஸ்கிரீன் நூற்றிருபது என்றது. வாளியை எடுத்து வந்து துடைத்து முடித்தேன், அப்போதும் நூற்றிருபது. பழுதில்லை என்று கையெழுத்துப் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். போகவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கல்யாண ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது பேர் நிற்கிறோம்.

அதற்குப் பிறகு எழுத எனக்குத் தெரியவில்லை. விசாரணை ஜூன் இருபத்தைந்து. மெஷினை எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்ட என்னால் முடியும். காட்டினால் என்னவெல்லாம் இடியும் என்றும் தெரியும். அது என் வீடு இல்லை, உன் வீடு. நீ சொல்லாமல் நான் செய்யமாட்டேன். அந்த நர்ஸ் ஒரு மருந்துக்கடையில் வேலை கேட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரி வேலைய ஏன் விட்டீங்க" என்று அவர்கள் கேட்டார்களாம். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஸ்பானர்

*

ஜூன் 12

ஸ்பானருக்கு,

போர்டு பெட்டிக்குள் கடிதம் வைக்கிற அளவுக்கு உனக்கு மூளை இருப்பது இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்று. இருவரும் சுகம்தானே?

ஒருவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"யாரும் சாகலையே" என்றார்.

பிறகு தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் குடித்து முடித்தார், ஏப்பம் விட்டார். அந்தத் தட்டை என்னால் கழுவ முடியவில்லை. இரண்டு நாள் தொட்டியிலேயே கிடந்தது.

இழு. எல்லார் முன்னாலும் ஒரே இழுப்பாக இழு. வீடு இடியும் என்று பயப்படுகிறாய், அது ஏற்கெனவே பாதி கழுவாத வீடுதான். நான் பார்த்தது, புரிந்துகொண்டது அத்தனையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். யார் எழுதியது என்று நான் எழுதவில்லை, நிரலில் பெயர் இல்லாதபோது நான் சொன்னால் அது வீட்டுச் சண்டை என்று ஆகிவிடும். நிரல் எப்படி இருக்கிறதோ அப்படியே விவரித்திருக்கிறேன். எட்டாம் ரெஜிஸ்டர் தொடப்படவில்லை என்பதையும் சேர்த்து.

திருத்தத்தையும் எழுதி முடித்துப் பிரிவில் ஒப்படைத்துவிட்டேன். அகலக் கை முழுவதையும் எடுத்து வைக்கிற வரிகள், ஒட்டைப் பிய்த்து எறிந்த வரிகள். விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. இவ்வளவுக்காகவா அந்த மனிதர் படுக்கையில் நனைந்து கிடந்தார். எழுதும்போது எட்டாம் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டேன். தேவையே இல்லாத இடத்திலும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேலை இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் நலம்.

விசாரணையில் ஒரு மேஜை நிறைய ஆட்கள். பெரிய டாக்டர், இரண்டு அதிகாரிகள், நர்ஸ், தையல்காரர், அவர் மகள், நான். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவரை உனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் தோளில் தட்டி "எப்படிப்பா இருக்கே" என்றார். தோளைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"மெஷின்ல எந்தக் குறையும் இல்லைங்க. கவனக்குறைவுன்னு சொல்றதுக்கு எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்று அவர் ஆரம்பித்தார். நான் நாலாம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து உப்புத் தண்ணீர் ஓடவிட்டேன்.

"எல்லாரும் நம்பரப் பாருங்க" என்றேன். இழுத்தேன்.

தண்ணீர் பீய்ச்சி அவர் ஷூவில் அடித்தது. அது மட்டும் நான் திட்டமிட்டதில்லை, சத்தியமாக. ஸ்கிரீனில் நூற்றிருபது. தண்ணீர் மேஜைக்கடியில் ஓடி அதிகாரிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், இன்னும் நூற்றிருபது. தையல்காரர் தன் கையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார் நர்ஸ்.

கம்பெனிக்காரர் ஷூவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இது வீண் அலாரத்தத் தடுக்குற வசதிங்க. இதுல ஒரு சின்னக் குறை இருக்கறத நாங்களே கண்டுபிடிச்சு, சரி பண்ணின நிரலக் கையோட கொண்டு வந்திருக்கோம்" என்று பையிலிருந்து எடுத்து வைத்தார். அக்கா, அது உன் நிரல். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பெரிய டாக்டர் உன் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தார், ஒட்டுப் போட்டது போன வருஷம் என்பது உட்பட. யார் போட்டது என்று கேட்டார். "பழைய ஆள் ஒருத்தர், இப்ப எங்ககிட்ட இல்ல" என்றார் இவர்.

முடிவில் வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வரிசை எண் போட்ட தாள். ஏழாவது நான். அடுத்தது அவர். பேனாவை வைத்தார், எடுத்தார், எட்டை விட்டுவிட்டு ஒன்பதில் போட்டார். பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார். உன் கடிதத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரோடு கைகுலுக்கவில்லை.

நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. திருத்தம் ஏறும்வரை அந்த மெஷின் எந்த ஆஸ்பத்திரியிலும் ஓடக்கூடாது என்று உத்தரவு. நர்ஸ் போகும்போது என்னைப் பார்த்து "பழுதில்லன்னு எழுதினீங்களே" என்றார், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதுதான்.

அம்மா ராத்திரி கேட்டாள், "மாப்பிள்ளை இந்த ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டாராமே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று காலையில் பின் அறையிலிருந்த பழைய சாமான்களையெல்லாம் என்னைக்கொண்டு வெளியே எடுக்க வைத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஸ்பானர்

*

ஜூலை 16
அறை எண் 8, மூன்றாம் மாடி

ஸ்பானருக்கு,

நலமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. பின் அறையைக் காலி செய்ததற்கு அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடு, திட்டினால் வாங்கிக்கொள். இப்போது வரமாட்டேன். வேலையை விட நான் என்ன தப்பு செய்தேன்? தினமும் போகிறேன். வீட்டிலிருந்து என் தட்டை எடுத்துப் போகிறேன். தொட்டியை இன்னும் மாற்றவில்லை.

முதல் கடிதத்தில் ஒன்று கேட்டாய், அதன் பிறகும் கேட்டாய், நான் பதிலே எழுதவில்லை. பிற்பாடு நீயும் கேட்பதை நிறுத்திவிட்டாய். இப்போது சொல்கிறேன். உன் அத்தான் நலமாக இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். குறையைத் தானே கண்டுபிடித்தவர் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரிய டாக்டர் எழுதிய கடிதம் ஒன்று மேலிடத்துக்கு வந்ததாம். சத்தமில்லாமல் அவரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுப்பார். இதை நினைத்தால்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அவருக்கு ஒன்றும் குமட்டவில்லை.

புது முகவரியை மேலே பார்த்திருப்பாய். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான், குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, நல்ல அறை. மூன்று அறை காலியாக இருந்தது, நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன். கதவில் எட்டு என்று பித்தளையில் பெரிதாக அடித்து வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். படியேறுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை, தாழ்ப்பாள் கூடப் போடவில்லை. தள்ளினால் திறந்துகொள்ளும். வெகுநேரம் நின்றார். தட்டவில்லை. பிறகு செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போயிற்று.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைப் புளி போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறேன்.

பதிலை இந்த முகவரிக்கே போடு, எண்ணைத் தெளிவாக எழுது.

அக்கா